குழாயில் தானாக எழும் காற்றின் வேகம்: கணக்கில் 1.8 மீட்டர், புகையில் பார்த்தால் அரை மீட்டர்கூட இல்லை

முருங்கைத்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரவக்குறிச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் முருங்கைத் தோப்பு இருக்கிறது. காய் விலை படுத்துவிடும் மாதங்களில் இலையைக் காயவைத்துப் பொடியாக விற்கலாம் என்று நானும் என் கணவரும் ஒரு சிறிய சூரிய உலர்த்தி செய்தோம். மின்விசிறி கிடையாது. சூடான காற்று தானே மேலே எழுந்து இலையின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அமைப்பைச் சொல்கிறேன். 60 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் கண்ணாடி போட்ட சாய்வான பெட்டி; உள்ளே கறுப்புத் தகடு. அதன் கீழ் விளிம்பில் காற்று நுழைய 60 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பிளவு, அதில் கொசுவலை. சூடான காற்று அங்கிருந்து மூன்று வலைத்தட்டுகள் உள்ள மரப்பெட்டிக்குள் போகிறது. மரப்பெட்டியின் பின்பக்கம் ஒரு எல்போ (குழாயை வளைக்கும் இணைப்பு), அதற்கு மேல் 4 அங்குல வெள்ளை பிவிசி குழாய் 3 மீட்டர் நேராக நிற்கிறது. உச்சியில் மழைத்தொப்பி. குழாயின் உள்விட்டம் அளந்தேன், 104 மில்லிமீட்டர்.

பெட்டிக்குள் வெப்பமானி 50 டிகிரி காட்டுகிறது. வெளியே 33. பாடப்புத்தகத்தில் உள்ளபடி கணக்கிட்டேன்: வேகத்தின் வர்க்கம் = 2 × 9.81 × உயரம் × வெப்பநிலை வேறுபாடு ÷ வெளிக்காற்றின் கெல்வின் வெப்பநிலை. அதாவது 2 × 9.81 × 3 × 17 ÷ 306. விடை 3.27, வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு 1.8 மீட்டர்.

ஆனால் எல்போவுக்குக் கீழே ஊதுவத்தியைப் பிடித்து, உச்சியில் புகை வரும் நேரத்தைக் கைபேசியில் படம் எடுத்துப் பார்த்தால் ஆறரை விநாடி ஆகிறது. 3 மீட்டருக்கு ஆறரை விநாடி என்றால் 0.46 மீட்டர்தான். கணக்கில் கால் பங்கு! இலையும் அதற்கேற்றபடிதான் காய்கிறது. 2 கிலோ பச்சை இலைக்கு மூன்று நாள். இரண்டாம் நாளே பச்சை நிறம் மங்கி ஒரு புளித்த வாடை வந்துவிடுகிறது. நான் எங்கே தவறுகிறேன்?

கொதிகலன் எழுதியது:

அம்மா, முதலில் ஒன்று. இவ்வளவு தெளிவாக அளவுகளைக் கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆலைகளில் கொதிகலனோடும் புகைபோக்கியோடும் வேலை பார்த்தவன் நான். உங்கள் குழாயும் ஒரு புகைபோக்கிதான், சூடு மட்டும் குறைவு.

வேகத்துக்குப் போகும் முன் அழுத்தத்தைப் பார்ப்போம். 33 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.154 கிலோ எடை. 50 டிகிரியில் 1.093 கிலோ. வித்தியாசம் 0.061 கிலோ. அதை 9.81 ஆலும் 3 மீட்டர் உயரத்தாலும் பெருக்கினால் 1.8 பாஸ்கல். உங்கள் உலர்த்தி முழுவதையும் இயக்கும் சக்தி அவ்வளவுதான். நாங்கள் ஆலையில் இழுவையைத் தண்ணீர் மட்டத்தில் மில்லிமீட்டராக அளப்போம். அந்தக் கணக்கில் இது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உதட்டைக் குவித்து மெல்ல ஊதினால்கூட இதைவிட அதிகம் வரும்.

நீங்கள் எடுத்த சூத்திரம், இந்த 1.8 பாஸ்கல் முழுவதும் காற்றுக்கு வேகம் கொடுக்கவே செலவாகிறது என்று வைத்துக்கொள்கிறது. நடப்பில் வழியெல்லாம் வரி கட்ட வேண்டும். வேகம் கொடுக்கச் செலவாகும் அழுத்தத்தை ஒரு பங்கு என்று வையுங்கள். குழாயின் வாயில் நுழையும்போது ஒரு அரைப் பங்கு. கூர்மையான பிவிசி எல்போவில் ஏறக்குறைய ஒன்று. குழாய்ச் சுவரின் உராய்வுக்கு ஒன்று. உச்சியில் வெளியேறும்போது காற்று தன் வேகத்தை அப்படியே வெளியில் கொட்டிவிடுகிறது, அதற்கு ஒன்று; மழைத்தொப்பி இருப்பதால் ஒன்றரை என்று வையுங்கள். கூட்டினால் 4. இதை இழப்பெண் என்போம். சூத்திரத்தில் வரும் வேகத்தை இந்த 4 இன் வர்க்கமூலமான 2 ஆல் வகுக்க வேண்டும். 1.8 மீட்டர் 0.9 மீட்டர் ஆகிவிடும்.

மூன்றாமாண்டு எழுதியது:

ஐயா சொன்ன உராய்வுக் கணக்கைச் சரிபார்த்தேன். 0.9 மீட்டர் வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) சுமார் 5200. வழவழப்பான குழாய்க்கு உராய்வு எண் 0.037. நீளத்தை விட்டத்தால் வகுத்தால் 28.8. பெருக்கினால் 1.07. வேகம் 0.4 ஆகக் குறைந்தால் ரெனால்ட்ஸ் எண் 2400 பக்கம் வந்து, ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறது. அங்கே 0.8 முதல் 1.3 வரை வருகிறது. எப்படிப் பார்த்தாலும் ஒன்றை ஒட்டித்தான். அதனால் உராய்வைப் பற்றி இதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் அக்கா.

முருங்கைத்தோப்பு எழுதியது:

நன்றி. ஆனால் 0.9க்கும் 0.46க்கும் இன்னும் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கிறதே?

பள்ளி ஆய்வகம் எழுதியது:

அது பாதிக்குப் பாதிகூட இல்லை அம்மா, அதைவிட அதிகம். புகை முதலில் எட்டிப்பார்க்கிற நேரத்தை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். முதலில் வரும் புகை குழாயின் நடுவில் வந்த புகை. நடுவில்தான் காற்று வேகமாக ஓடும், சுவரோரம் ஏறத்தாழ நின்றுவிடும். ஓட்டம் முழுக்கச் சீரானதாக இருந்தால் நடுவேகம் சராசரியைப் போல இரு மடங்கு. கொந்தளிப்பாக இருந்தால் சுமார் 1.25 மடங்கு. ஆகவே உங்கள் சராசரி வேகம் 0.23க்கும் 0.37க்கும் இடையே எங்கோ இருக்கலாம்.

இன்னொன்று. ஊதுவத்தியும் ஒரு அடுப்பு. 1 கிராம் வத்தி முக்கால் மணி நேரம் எரிந்தால் ஐந்தாறு வாட் வெப்பம் வெளிவரும். உங்கள் குழாயில் ஓடுகிற கொஞ்சக் காற்றை அது ஒரு டிகிரிக்கு மேலேயே சூடாக்கிவிடும். அளக்கப் போன பொருளே அளவை மாற்றுகிறது. சுழலும் காற்றுமானியும் இங்கே உதவாது; மலிவான கருவிகளின் இறக்கை 0.3 அல்லது 0.4 மீட்டர் வேகம் வரும்வரை அசையாது, போதாக்குறைக்குக் கருவியே குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும்.

என் மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் வழி பை. குப்பைக்குப் பயன்படுத்தும் மெல்லிய, பெரிய நெகிழிப் பையை எடுங்கள். முதலில் வாளியால் தண்ணீர் ஊற்றி அதன் கொள்ளளவைக் கண்டுபிடித்துக் காயவையுங்கள். காற்றில்லாமல் சுருட்டி, மழைத்தொப்பியைக் கழற்றிவிட்டுக் குழாய் வாயில் மாட்டி, பக்கவாட்டில் தொங்கவிட்டு, உப்பி நிறைய எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பை கண்டிப்பாக மெல்லியதாக இருக்க வேண்டும். 20 மைக்ரான் தடிமன் உள்ள தாள் ஒரு சதுர மீட்டருக்கு 18 கிராம். அதைத் தூக்கவே 0.18 பாஸ்கல் போய்விடும், உங்களிடம் இருப்பதே இரண்டுக்கும் குறைவு. காய்கறிக் கடைத் தடித்த பை வேண்டாம்.

தென்றல் எழுதியது:

சூத்திரத்தையே சந்தேகப்படுபவர்களுக்காக ஒரு எடுத்துக்காட்டு. ஸ்பெயின் நாட்டில் மன்சனாரெஸ் என்ற ஊரில் 1982 இல் ஜெர்மன் பொறியாளர் யோர்க் ஷ்லைக் குழுவினர் ஒரு சூரியப் புகைபோக்கி மின்நிலையம் கட்டினார்கள். 194.6 மீட்டர் உயரம், சுமார் 10 மீட்டர் விட்டம். சுற்றிலும் 244 மீட்டர் விட்டத்துக்குப் பந்தல் போட்டுக் காற்றைச் சூடாக்கினார்கள். அதன் வடிவமைப்புக் கணக்கில் காற்று 20 டிகிரி சூடேறுகிறது, வெளிக்காற்று 302 கெல்வின்.

சூத்திரத்தில் போடுங்கள்: 2 × 9.81 × 194.6 × 20 ÷ 302 = 253. வர்க்கமூலம் விநாடிக்கு 15.9 மீட்டர். மின்சாரம் எடுக்கும் சுழலியைச் சுமையில்லாமல் விட்டபோது அவர்கள் சொல்லும் வேகம் 15 மீட்டர். எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்! காரணம், அங்கே எல்போ இல்லை, தொப்பி இல்லை, நுழைவாயில் வளைவாக இருந்தது, அவ்வளவு அகலக் குழாயில் உராய்வும் சொற்பம். இழப்பெண் ஒன்றுக்குச் சற்று மேல். 1989 இல் புயலில் சாயும்வரை அந்தக் குழாய் வேலை செய்தது.

ஆகவே சூத்திரம் சரி. அதற்குள் நாம் போடும் எண்களில்தான் தவறு இருக்க வேண்டும்.

கொதிகலன் எழுதியது:

தென்றல் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. நேற்று நான் இழப்பெண்ணைப் பற்றியே பேசினேன், கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்கவில்லை. அம்மா, அந்த 50 டிகிரியை எங்கே அளந்தீர்கள்?

முருங்கைத்தோப்பு எழுதியது:

கீழ்த்தட்டுக்குக் கீழே. கண்ணாடிப் பெட்டியிலிருந்து காற்று வந்து விழும் இடத்தில்.

கொதிகலன் எழுதியது:

அப்படியானால் விடை அங்கேதான் இருக்கிறது.

அந்த 50 டிகிரிக் காற்று உங்கள் குழாய்க்கு வந்து சேர்வதே இல்லை. நடுவில் ஈர இலையைத் தாண்டி வருகிறது. இலையிலிருந்து தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும், அதைக் காற்றிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். ஒரு கிலோ காற்று 4 கிராம் தண்ணீரை ஏற்றுக்கொண்டாலே ஏறக்குறைய 10 டிகிரி குளிர்ந்துவிடும். அதாவது உங்கள் உலர்த்தி தன் வேலையைச் செய்யச் செய்யத் தன் இழுவையையே தின்றுவிடுகிறது. வெறும் பெட்டியாக ஓடவிட்டால் நன்றாக இழுக்கும். இலையை வைத்ததும் சோர்ந்துவிடும். கவனித்திருப்பீர்களே?

அடுத்தது, குழாய் முழுவதும் ஒரே சூடாக இருப்பதில்லை. மேலே போகப் போகச் சுவர் வழியாக வெப்பம் கசியும். சூத்திரத்தில் போட வேண்டியது குழாயின் அடியில் இருந்து உச்சிவரை உள்ள சராசரி வெப்பநிலை. தயவுசெய்து குழாயின் அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று வெப்பமானியை நுழைத்து, இலை உள்ளபோது அளந்து சொல்லுங்கள். வெப்பமானி முனையில் நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆய்வகம் எழுதியது:

ஐயா சொன்னதற்கு ஒரு சிறு துணைக்குறிப்பு. ஈரக்காற்று கனமானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட இலகுவானது. கிலோவுக்கு 4 கிராம் நீராவி கூடினால், காற்று முக்கால் டிகிரி சூடேறியதற்குச் சமமாக இலகுவாகும். 10 டிகிரியை இழந்து முக்கால் டிகிரியைத் திரும்பப் பெறுகிறோம். சிறிதுதான், ஆனாலும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முருங்கைத்தோப்பு எழுதியது:

இரண்டு நாள் அளந்துவிட்டு வருகிறேன்.

வெளியே 33 டிகிரி, காற்றே அசையாத நேரம். இலை வைத்திருக்கும்போது குழாயின் அடியில் 40, உச்சியில் 37. ஐயா, நீங்கள் சொன்னபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 17 டிகிரி வேறுபாடு என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில் இருப்பது ஐந்தரை!

பைக் கணக்கும் செய்தேன். 100 லிட்டர் பிடிக்கும் பை. நான்கு முறை செய்ததில் 29 முதல் 31 விநாடி. தொப்பியைக் கழற்றித்தான் செய்தேன். பையை மாட்டிய ஏணியில் நின்றபோதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். குழாயின் மேல்பாதி மதியம் முழுவதும் வேப்பமர நிழலில் இருக்கிறது.

கொதிகலன் எழுதியது:

அருமையான அளவுகள். 100 லிட்டருக்கு 30 விநாடி என்றால் விநாடிக்கு 3.3 லிட்டர். குழாயின் குறுக்குப்பரப்பு 85 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் 0.39 மீட்டர். இனி இதுதான் நமக்கு உண்மை வேகம். புகை காட்டிய 0.46 நடுவேகம் என்பதும் இதோடு பொருந்துகிறது.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். குழாயின் சராசரி 38.5, வேறுபாடு 5.5, ஈரத்துக்காக ஒன்று சேர்த்து 6.5. 3 மீட்டருக்கு 0.7 பாஸ்கல் கிடைக்கிறது. பிளவிலிருந்து எல்போவரை உங்கள் பெட்டியின் உயரம் ஒரு 90 சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்தால், அதனுள் இருக்கும் சூடான காற்றும் தூக்கிக்கொடுக்கிறது. அது ஒரு 0.3 பாஸ்கல். மொத்தம் 1 பாஸ்கல்.

இழப்பெண் 4 மட்டும் என்றால் 1 பாஸ்கல் 0.67 மீட்டர் வேகத்தைத் தந்திருக்க வேண்டும். வருவது 0.39. பின்னோக்கிக் கணக்கிட்டால் மொத்த இழப்பெண் ஏறக்குறைய 12 ஆகிறது. குழாய்க்கு 4 போக மீதி 8 எங்கே போகிறது? குழாயில் இல்லை, குழாய்க்கு முன்னால்தான். பிளவு, கொசுவலை, தட்டுகள். இந்த மூன்றில் எது என்று எனக்குத் தொலைவிலிருந்து சொல்லத் தெரியவில்லை.

குழாய்க்காரர் எழுதியது:

நான் படித்தவன் இல்லை, வீடுகளுக்குக் குழாய் போடுகிறவன். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய் இழுக்கவில்லை என்று கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது வாயில் கட்டிய கொசுவலையைத்தான். தூசியும் சிலந்தி நூலும் சேர்ந்து கம்பளி மாதிரி ஆகியிருக்கும். அந்த வலையைக் கழுவி எத்தனை நாள் ஆயிற்று அம்மா? தோப்புத் தூசி சும்மா விடாது.

முருங்கைத்தோப்பு எழுதியது:

அண்ணா, செய்ததிலிருந்து கழுவவே இல்லை. இப்போது போய்ப் பார்த்தேன். பாதிக்கண்கள் அடைந்திருக்கின்றன.

பள்ளி ஆய்வகம் எழுதியது:

குழாய்க்காரர் ஐயாவின் கை அனுபவத்துக்குப் பின்னால் ஒரு இயற்பியல் இருக்கிறது. வேகமான காற்றுக்கு வலை பெரிய தடை இல்லை. மெதுவான காற்றுக்குத்தான் அது பெரிய தடை. வலை இழையின் தடிமன் கால் மில்லிமீட்டர். அதைச் சுற்றி இவ்வளவு மெதுவாகப் போகும் காற்று எண்ணெய் போலப் பிசுபிசுப்பாக நடந்துகொள்கிறது. கையேடுகளில் வலைக்குக் கொடுத்திருக்கும் இழப்பெண் ஒன்று என்றால், இந்த வேகத்தில் அது ஏழெட்டாக உயர்ந்துவிடும். உங்கள் பிளவின் பரப்பு 120 சதுர சென்டிமீட்டர்தான். சுத்தமான வலைக்கே, குழாயின் வேகத்தை அடிப்படையாக வைத்தால், மூன்றரை பங்கு இழப்பு என் கணக்கில் வருகிறது. அழுக்கு வலைக்கு அதற்கு மேல்.

பிளவை 2 சென்டிமீட்டரிலிருந்து 8 ஆக்குங்கள். வலை வழியே போகும் வேகம் நான்கில் ஒன்றாகும். வலையின் இழப்பு ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். செலவு ஒரு மரச்சட்டமும் ஒரு முழம் வலையும்.

மூன்றாமாண்டு எழுதியது:

எனக்கு ஒரு கருத்து. இதற்கெல்லாம் பதிலாகக் குழாயை 6 மீட்டர் ஆக்கினால் என்ன? சூத்திரத்தில் உயரம் இருக்கிறதே.

கொதிகலன் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி, ஆனால் பரிந்துரைக்க மாட்டேன். உயரம் இரட்டித்தால் வேகம் அதிகபட்சம் 1.41 மடங்கு. அதிலும் உராய்வு இரட்டிக்கும். அம்மாவின் குழாய் 3 மீட்டரில் 3 டிகிரி இழக்கிறது. அடுத்த 3 மீட்டரில் மீதியிருக்கும் 4 டிகிரியில் பாதியையும் இழந்துவிடும். குளிர்ந்த காற்றை உயரமாக அடுக்கி என்ன பயன்? 6 மீட்டர் பிவிசி குழாய் ஆடி மாதக் காற்றில் நிற்கக் கம்பி கட்ட வேண்டும், அந்தச் செலவு வேறு.

அதற்கு முன்னால் அந்த வேப்பமர நிழலை விட்டு உலர்த்தியை நகர்த்துங்கள் அம்மா. குழாய்க்கு மங்கலான கறுப்பு வண்ணம் அடியுங்கள். வெயிலில் நிற்கும் கறுப்புக் குழாயின் சுவர் உள்ளே போகும் காற்றைவிடச் சூடாக இருக்கும். அப்போது சுவர் வெப்பத்தைத் திருடாது, கொடுக்கும். நிழலில் கறுப்பு வண்ணத்தால் ஒரு பயனும் இல்லை.

தென்றல் எழுதியது:

நிழலோடு இன்னொன்றையும் மரம் செய்கிறது. வெளிக்காற்றைத் தடுக்கிறது. 1970களில் இன்றைய ஜிம்பாப்வேயில் பிளேர் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் மார்கன் காற்றோட்டக் குழாய் வைத்த குழிக் கழிப்பறையை உருவாக்கினார். குழாய் வெயிலில் சூடாவதால்தான் காற்று மேலே எழுகிறது என்று தொடக்கத்தில் எண்ணினார்கள். பின்னர் அளந்து பார்த்தபோது, குழாயின் உச்சியைக் கடந்து வீசும் வெளிக்காற்றின் உறிஞ்சல்தான் முதன்மைக் காரணம் என்று தெரிந்தது.

உங்கள் எண்களோடு ஒப்பிடுங்கள். விநாடிக்கு 2 மீட்டர் வீசும் தென்றலின் இயக்க அழுத்தம் 2.3 பாஸ்கல். அதில் பாதி உறிஞ்சலாக மாறினாலும் உங்கள் வெப்பத்தால் வரும் 1 பாஸ்கலைத் தாண்டிவிடும். ஆகவே காற்று வீசும் இடத்தில் குழாய் நிற்கட்டும். மழைத்தொப்பி வாயிலிருந்து அரை விட்டமாவது, அதாவது 5 சென்டிமீட்டருக்கு மேல், உயர்ந்து இருக்கட்டும். ஆனால் ஒப்பிட்டு அளக்கும்போது மட்டும் காற்றில்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எந்த மாற்றம் என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

பள்ளி ஆய்வகம் எழுதியது:

குழாயின் இழப்பெண் 4 என்பதை நாம் எல்லோரும் நம்பி வருகிறோம். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. குழாயை மட்டும் எல்போவோடு கழற்றி நிறுத்துங்கள். கீழே, காற்று நுழைய அடிப்பக்கம் திறந்த ஒரு எண்ணெய் டின்னுக்குள் 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, டின்னின் மேல்வாயை எல்போவோடு பொருத்துங்கள். பல்பு பிவிசியைத் தொடக் கூடாது. 75 டிகிரியை ஒட்டி பிவிசி இளகத் தொடங்கும். இரவில், காற்றில்லாதபோது செய்யுங்கள்.

இதில் அழகு என்னவென்றால், வெப்பம் எவ்வளவு என்று நமக்கு முன்பே தெரியும். காற்று வேகமாக ஓடினால் அதே 100 வாட் அதிகக் காற்றில் பரவி, வெப்பநிலை குறையும். வெப்பநிலை குறைந்தால் வேகம் குறையும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து ஓர் இடத்தில் நிற்கும். சமன்பாட்டைத் தீர்த்தால் வேகத்தின் கனம் (வேகம் × வேகம் × வேகம்) வெப்பத்துக்கு நேர்விகிதம் என்று வருகிறது. இழப்பெண் 4 என்றால், சுவர்க் கசிவை விட்டுவிட்டால் 0.8 மீட்டர், கசிவைச் சேர்த்தால் 0.75 பக்கம் வர வேண்டும். பல்பை 200 வாட் ஆக்கினாலும் வேகம் 26 சதவீதம்தான் கூடும். வேகத்தை இரட்டிக்க எட்டு மடங்கு வெப்பம் வேண்டும்.

என் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். செய்து காட்டியதும் அமைதியாகிவிடுவார்கள். இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த நிமிடங்களில் அதுவும் ஒன்று.

முருங்கைத்தோப்பு எழுதியது:

செய்தேன் ஐயா! நேற்றிரவு 28 டிகிரி. பல்பு எரிந்து அரை மணி நேரம் கழித்து அடியில் 42, உச்சியில் 37. அதே பை 16 விநாடியில் நிறைந்தது. விநாடிக்கு 6.25 லிட்டர், வேகம் 0.74 மீட்டர். என் மகள் பக்கத்தில் நின்று விநாடி எண்ணினாள். நீங்கள் சொன்ன எண் அப்படியே வந்ததைப் பார்த்து இருவரும் கத்திவிட்டோம்.

மூன்றாமாண்டு எழுதியது:

சராசரி வேறுபாடு 11.5. 58.86 × 11.5 ÷ 301 = 2.25. அதை 0.74 இன் வர்க்கமான 0.55 ஆல் வகுத்தால் 4.1. கொதிகலன் ஐயாவின் 4 சரி. குழாயைக் கட்டிப்போட்டது உயரமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முருங்கைத்தோப்பு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிளவை 8 சென்டிமீட்டர் ஆக்கிப் புது வலை கட்டினோம். உலர்த்தியை மரத்தைவிட்டு வெட்டவெளிக்கு நகர்த்தினோம். குழாய்க்குக் கறுப்பு வண்ணம். தட்டில் இலையை மெல்லியதாகப் பரப்புகிறேன், ஒரு தடவைக்கு 1 கிலோதான்.

காற்றில்லாத நேரத்தில் பை 22 விநாடியில் நிறைகிறது. 30லிருந்து 22. கீழ்த்தட்டுக்குக் கீழே 48, குழாயின் அடியில் 39, உச்சியில் 41. உச்சி அடியைவிடச் சூடு! 1 கிலோ இலை ஒரு பகல் முழுவதும், மறுநாள் காலை பத்தரை மணிவரையும் எடுத்துக்கொள்கிறது. நிறம் பச்சையாகவே நிற்கிறது. புளித்த வாடை இல்லை. அடுத்ததாகக் குழாயை 6 அங்குலம் ஆக்கலாமா?

கொதிகலன் எழுதியது:

மனம் நிறைந்தது அம்மா. குழாய்க்கு முன் ஒரு கணக்கு பாருங்கள். 2 கிலோ இலையில் முக்கால் பங்கு, அதாவது 1.5 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க 3.6 மெகாஜூல் வேண்டும். மின்கட்டணக் கணக்கில் ஒரு யூனிட். பழைய அமைப்பில் உங்கள் காற்று சுமந்து வந்த வெப்பம் 65 வாட் பக்கம். எட்டு மணி நேர வெயிலுக்கு அரை யூனிட். முழுவதும் ஆவியாதலுக்கே போனாலும் 2 கிலோ ஒரு நாளில் காய வழியே இல்லை.

குழாயை 6 அங்குலம் ஆக்கினால் குழாய்க்குள் வேகம் குறையும், காற்றின் அளவு கூடும். உங்களுக்கு வேண்டியது அளவுதான், வேகம் அல்ல. ஆனால் அதே கண்ணாடிப் பரப்பில் அதிகக் காற்று போனால் 48 டிகிரி 43 ஆகிவிடும். ஆகவே முதலில் கண்ணாடியை 60க்கு 60லிருந்து 60க்கு 120 ஆக்குங்கள். அதன் பிறகு குழாய். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பையால் அளந்து எழுதிவையுங்கள்.

குழாய்க்காரர் எழுதியது:

6 அங்குலம் போடும்போது எல்போ வேண்டாம் அம்மா. பெட்டியின் கூரையிலேயே வட்டமாக வெட்டிக் குழாயை நேராக நிறுத்துங்கள். அடியில் ஒரு ரெடியூசரை (பெரிய குழாயையும் சிறிய குழாயையும் இணைக்கும் துண்டு) தலைகீழாக வைத்தால் புனல் மாதிரி வாய் அகலமாகிவிடும். மழைநீர் இறங்காமல் கூரையில் சுற்றி எம்சீல் அடைக்க மறக்காதீர்கள்.

முருங்கைத்தோப்பு எழுதியது:

சரி அண்ணா. கண்ணாடிக்குச் சொல்லியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வருகிறது. வலையை மகள் வாரம் ஒரு முறை கழுவுகிறாள். அளந்ததும் எண்களைப் போடுகிறேன்.